தேர் ஓடும்போது எந்த விசை பெரியது?

(பாளையங்கோட்டையில் அறிவியல் ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி. கையைத் தூக்கினால் போதும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் தெற்கு ரத வீதியில் போய்க்கொண்டிருக்கிறது. வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. தேர் ஒரே சீரான வேகத்தில் நகர்கிறது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடம் பிடித்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து முன்னால் இழுக்கிற விசை, உராய்வு முதலான தடைகள் பின்னால் இழுக்கிற விசையைவிடப் பெரியதா, சமமா, சிறியதா?

"பெரியது" என்கிறவர்கள்? சரி, நிறையக் கைகள் தெரிகின்றன. "சமம்"? நன்றி, கைகளை இறக்கிக்கொள்ளலாம். நான் எண்ணவில்லை. சமம் என்பதுதான் விடை. நிலையில் கிடக்கும் தேரைக் கிளப்பும்போது இழுவிசை தடையை மிஞ்ச வேண்டும். சீராக ஓடத் தொடங்கிய பிறகு இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வடம் தளர்ந்தால் தடை மிஞ்சும், தேர் மெதுவாகி நிற்கும். நியூட்டனின் முதல் விதி சொல்வது இதைத்தான்: சரிக்கட்டப்படாத விசை ஒன்று செயல்படாதவரை, நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கும், ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும்.

பல வருஷம் முதல் விதியை நான் கேட்ட விதம் ஒன்றே ஒன்றுதான்: "நியூட்டனின் முதல் விதியைக் கூறுக." இரண்டு மதிப்பெண். பிள்ளைகளும் எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள். ஒரு வருஷம், அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கின மாணவன் ஒருவனைத் தேரோட்டத்தில் கூட்டத்துக்குள் பார்த்தேன். வடம் இழுத்துக் கை சிவந்திருந்தது. இப்போது உங்களிடம் கேட்ட கேள்வியை முதன்முதலில் அவனிடம்தான் கேட்டேன்.

"நாம இழுக்கதுதான் சார் பெருசு. இல்லேன்னா எப்படி நவுரும்?"

"முதல் விதியைச் சொல்லுல."

ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"இப்ப ரெண்டும் ஒத்துப்போகுதா?"

கொஞ்ச நேரம் தேரையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்: "அது பாடம் சார். இது தேரு."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவன் மனதில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பாடம், இன்னொன்றில் உலகம். இரண்டுக்கும் நடுவில் கதவே கிடையாது. அந்தக் கதவு இல்லாததைக் காட்டக்கூடிய ஒரு கேள்வியைக்கூட என் தேர்வுத்தாள் அதுவரை கேட்டதில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் இதே மாதிரி ஓர் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். விசை பற்றிய எளிய கேள்விகள் கொண்ட ஒரு தாளை மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நானாக நினைக்கிறபடி எழுதவா? நம்ம ஊர்ப் பையன் தேர் பக்கத்தில் நின்று சொன்னதும் அந்தப் பெண் கேட்டதும் ஒன்றேதான்.

அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டெனஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992இல் வெளியிட்ட ஒரு தேர்வு உண்டு. விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளை மட்டும் சோதிப்பது. இப்போது புழக்கத்தில் இருக்கிற வடிவத்தில் 30 கேள்விகள். கணக்குப் போட வேண்டியதே இல்லை, ஒரு சூத்திரமும் வேண்டாம். நாம் ஒன் வேர்டு கேள்வி தயாரிக்கும்போது சரியான விடையை ஒரு வரியாக எழுதிவிட்டு, மற்ற மூன்றை வாய்க்கு வந்தபடி நிரப்புகிறோம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் உண்மையிலேயே சொன்ன தப்பான பதில்களைச் சேகரித்து, அவற்றையே தெரிவுகளாக வைத்தார்கள். அதனால் ஒரு பிள்ளை 'ஆ' என்று போட்டால், அவள் மனதில் எந்த எண்ணம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1998இல் ரிச்சர்டு ஹேக் இந்த மாதிரித் தேர்வுகளை எழுதிய 6000க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். பாடத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளில், மதிப்பெண் கூடியிருக்கக்கூடிய அளவில் சராசரியாக நாலில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடிச் செய்து பார்த்த வகுப்புகளில் ஏறக்குறையப் பாதி கூடியிருந்தது.

சரி, அது அவர்கள் ஊர். நம் பிள்ளைகள் மனதில் என்ன இருக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு.

'விசை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் அது ஒரு கலைச்சொல். ஆனால் பழைய அகராதியில் விசை என்றால் வேகம் என்றும் பொருள் உண்டு. "விசையா எறில" என்று விளையாட்டில் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்துக் கத்துகிறான். அவன் கேட்பது வேகத்தைத்தான். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வேகமாகப் போகிற பொருளுக்குள் விசை இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. 'நிலைமம்' அதைவிடச் சிக்கல். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்றால் ஓட்டம் முடிந்தது, நின்றுவிட்டது என்று அர்த்தம். நிலைமம் என்றதும் பிள்ளைகள் நிற்பதை மட்டும் நினைக்கிறார்கள். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்ப்பதும் நிலைமம்தான் என்பதை எழுதுவார்கள், நம்ப மாட்டார்கள். எடை, நிறை பற்றிச் சொல்லவே வேண்டாம். கடையில் எடை போடுவது கிலோவில், பாடத்தில் எடைக்கு அலகு நியூட்டன்.

இதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. இன்னொரு கேள்வி கேட்பேன்: புளியங்காய் அடிக்கக் கல்லை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டுப் போனபின் மேலே ஏறும்போது அதன்மேல் என்னென்ன விசை? உச்சியில்? இறங்கும்போது? "ஏறும்போது கை குடுத்த விசை சார். போகப் போகக் கொறையும். உச்சில தீந்துரும். அப்புறம் பூமி இழுக்கும்." வருஷம் தவறாமல் இந்தப் பதில் வரும். காற்றை விட்டுவிட்டால் மூன்று இடத்திலும் விசை ஒன்றுதான், புவியீர்ப்பு, அதே அளவில், கீழ் நோக்கி. 1982இல் ஜான் கிளமென்ட் என்பவர் பொறியியல் மாணவர்களிடம் நாணயத்தைச் சுண்டிவிட்டு இதைக் கேட்டபோதும் "கையின் விசை" என்ற பதில் நிறைய வந்தது. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் புரிடன் என்ற அறிஞர், எறிந்தவன் ஓர் உந்துதலைப் பொருளுக்குள் வைத்து அனுப்புகிறான் என்று எழுதினார். பல நூற்றாண்டுகளாகப் பெரிய அறிஞர்கள் நம்பிய கருத்து அது. அதை நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, யாரும் சொல்லித்தராமல், புளியமரத்தடியில் தானாக யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனால், அவள் யோசித்ததற்கு நாம் தரும் மரியாதை அவ்வளவுதானா?

இப்போது மின்னோட்டத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கற்றுத்தந்தது இந்தப் பாடம்தான்.

ஒரு மின்கலம். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பில், அதாவது ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக. எது பிரகாசமாக எரியும்? இரண்டும் ஒரே மாதிரி எரியும், ஏனென்றால் சுற்று முழுவதும் ஒரே மின்னோட்டம். பாளையங்கால்வாய்ப் பாசனத்துப் பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்பில் இதைக் கேட்டேன். "மொத பல்பு" என்று பெரும்பாலோர் எழுதினார்கள். காரணம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்ததை இன்னும் வைத்திருக்கிறேன்: "முதல் பல்ப் தலைமடை. அது எடுத்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு வரும்."

வாசித்ததும் சட்டென்று புரிந்தது. மின்னோட்டம் தண்ணீர் மாதிரி என்று வகுப்பில் சொன்னது யார்? நான்தான். நான் நினைத்தது குழாய்க்குள் ஓடும் தண்ணீர். அவளுக்குத் தெரிந்த தண்ணீரோ தாமிரபரணியில் அணைக்கட்டில் பிரிந்து, கால்வாயில் வந்து, மடைமடையாகக் குறைந்துகொண்டே போகிற தண்ணீர். கடைமடையில் பயிர் காய்ந்ததை அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். என் உவமையை அவள் என்னைவிட ஒழுங்காகப் பிடித்துக்கொண்டாள். 'முதல் பல்ப்' என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், விடையோடு காரணத்தையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் டிரெகஸ்ட் என்பவர் 1988லேயே இந்த இரண்டு அடுக்குக் கேள்வியை எழுதிக் காட்டியிருக்கிறார்: முதல் அடுக்கு விடை, இரண்டாம் அடுக்கு காரணம். சரியான விடையைத் தப்பான காரணத்தோடு எழுதுகிற பிள்ளைகள் உண்டு. "ரெண்டு பல்பும் சமமா எரியும், ஏன்னா ரெண்டும் பாதிப் பாதி எடுத்துக்கிடும்" என்று எழுதுவார்கள். நம் பொதுத்தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கக்கூடும். நான் இதைத் தப்பான விடையைவிடக் கவனமாகப் பார்ப்பேன்.

அந்தக் கடைமடைப் பெண்ணை எப்படித் திருப்பினேன் என்று கேட்பீர்கள். பேசித் திருப்பவில்லை. இரண்டு பல்பையும் மாட்டிவிட்டு, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைக்கச் சொன்னேன், பிறகு நடுவில், பிறகு கடைசியில். மூன்று இடத்திலும் ஒரே அளவு. அவள் அம்மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். பல்புகளை இடம் மாற்றினாள். மறுபடியும் அதே அளவு. "அப்போ பல்பு எதைத்தான் சார் எடுக்கு?" என்று கேட்டாள். மின்னாற்றல் பற்றி அதுவரை நான் எழுதிப்போட்ட சூத்திரங்கள் எல்லாம், அவள் அப்படிக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தேவைப்பட்டன. தேருக்கும் அதே வழிதான். மேசை மேல் ஒரு செங்கல், அதில் சுருள்வில் தராசு. கிளப்பும்போது முள் எகிறும், சீராக இழுக்கும்போது இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். செங்கலுக்கு அடியில் நாலு உருண்டைப் பென்சிலை வைத்து இழுத்தால் முள் இன்னும் கீழே போகும். பென்சில் இன்னும் வழுவழுப்பாக இருந்தால்? தடையே இல்லாவிட்டால்? பிள்ளைகளே பேசிக்கொண்டு முதல் விதிக்கு வந்து சேர்வார்கள்.

இப்படி நான் செய்தபோது வேலை பார்த்த ஓர் இடத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. போர்ஷன் முடியாத நேரத்தில், மதிப்பெண் இல்லாத தேர்வு எதற்கு என்று கேட்டிருந்தார்கள். மனசு வலித்தது. ஆனால் கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்ல வேண்டியது என் கடமை. நம் பக்கத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. அங்கே இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். எஞ்சினுக்கு மதிப்பெண் போடுவதற்கா? எங்கே குறை என்று பறக்கும் முன்பே தெரிந்துகொள்ளத்தான். பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்று பிரித்து வைத்திருக்கிறோம். அது பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று ஊருக்குச் சொல்கிற தேர்வு. நான் பேசுவது எனக்குச் சொல்கிற தேர்வு. அதில் மதிப்பெண் போட்டால் கெட்டுப்போகும். பிள்ளை தான் நினைப்பதை விட்டுவிட்டு ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதுவாள். பாடம் தொடங்கும் முன் ஐந்து கேள்வி, முடிந்தபின் அதே ஐந்து கேள்வி. நாற்பது நிமிஷம்கூட ஆகாது. பெயர் எழுத வேண்டாம், ஒரு அடையாளக் குறி போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்தேர்வு முடிந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். வாய் துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். சொன்னால் பின்தேர்வில் வருவது மனப்பாடம். ஒரு வாரம் அவர்கள் மண்டைக்குள் அது கிடந்து குடையட்டும்.

வாசல் பக்கத்து மேசையில் ஐந்து கேள்விகள் அடங்கிய தாள் வைத்திருக்கிறேன். தேர், புளியங்காய்க் கல், இரண்டு பல்பு, லாரியும் சைக்கிளும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது, மாடியிலிருந்து ஒரு தேங்காயையும் ஒரு நெல்லிக்காயையும் சேர்த்துப் போட்டால் எது முதலில் விழும் என்பது. ஆளுக்கு ஒரு தாள் எடுத்துப் போய் உங்கள் வகுப்பில் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். உவரிப் பிள்ளைகளுக்கு வள்ளமும் வலையும், களக்காட்டுப் பிள்ளைகளுக்கு வாழைத்தாரும் வைத்துக் கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பதில் தாள்களைத் திருத்தாமல் அப்படியே கொண்டு வாருங்கள். காரணம் எழுதிய பகுதியைத்தான் உட்கார்ந்து சேர்ந்து படிக்க வேண்டும்.