சொ.பழ.சொக்கலிங்கம்! ஒருவழியாகப் பெயர் முடிவாகிவிட்டது

எல்லாருக்கும் வணக்கம்! பின்னால் கேட்கிற அழுகை என் தம்பி மகனுடையது. வளைகாப்பு வீடியோவில் அத்தை ஆகப்போகிறேன் என்று குதித்தேன் இல்லையா, ஆகிவிட்டேன்! தொட்டிலை இந்த அறையில்தான் கட்டியிருக்கிறோம், அதனால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பெயர் விஷயம்தான் பேசப்போகிறேன். எங்கள் பக்கம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் பெயர் தேடி அலைகிற வேலையே கிடையாது. மூத்த பையனுக்கு அப்பா வழி ஐயா, அதாவது தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழி ஐயா பெயர். பெண் பிள்ளை என்றால் அப்பத்தா பெயர், அம்மாவின் அம்மாவான ஆயா பெயர். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா பெயர் சொக்கலிங்கம், ஆகவே பிள்ளையும் சொக்கலிங்கம். அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

துபாயிலிருந்து லீவில் வந்த தம்பி, அக்காவான என்னிடம், "ஆச்சி, சர்நேம் என்ன போடுவது?" என்றான். அங்கே ஆரம்பித்தது தலைவலி. அவன் பாஸ்போர்ட்டில் பெயர் பழனியப்பன், சர்நேம் சொக்கலிங்கம். குடும்பத்துக்கே அதை ஒரே சர்நேமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். அப்படிப் போட்டால் பிள்ளை பெயர் சொக்கலிங்கம் சொக்கலிங்கம்! சர்நேம் இடத்தைக் காலியாக விடலாமே என்றால், 2022 நவம்பரிலேயே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகத்தில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ., அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஊரில் எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு வைத்திருக்கிறோம், அதை ஒரு பாரத்தின் கட்டத்துக்குள் அடைக்க முடியவில்லை.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் விலாசம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பெயருக்கு முன்னால் வருகிற எழுத்து வரிசைதான் விலாசம். ஐயா, அப்பா என்று தலைமுறை வரிசையாக நிற்கும். எங்களுக்கு ஓர் எழுத்தும் பத்தாது. பழ. என்றால் பழனியப்பன், மெ. என்றால் மெய்யப்பன், ராம. என்றால் ராமநாதன். நம் காரைக்குடியில் பிறந்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏ-யும் வி-யும் இரண்டு பேர் இல்லை, ஆவிச்சி என்கிற அவர் அப்பா ஒருவர்தான்! சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் எம்.ஏ.சிதம்பரம். எம். என்பது ஐயா முத்தையா, ஏ. என்பது அப்பா அண்ணாமலை, அதாவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தின் அண்ணன் 1905-இல் பிறந்தவர், அவருக்கு ஐயா பெயரே வந்தது, எம்.ஏ.முத்தையா. முத்தையா, அண்ணாமலை, மறுபடி முத்தையா. எங்கள் பிள்ளைக்கும் அதே கட்டுமானம்தான், சொ.பழ.சொக்கலிங்கம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொ-வில் தொடங்கிச் சொ-வுக்கே வந்து சேர்கிறது. பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். விலாசத்தோடு சேர்த்து உரக்கக் கூப்பிட வேண்டும். நியூமராலஜிக் கணக்கு எனக்கு அறவே ஆகாது. பெயர் தேடுகிற ஆப்களும் அப்படித்தான், முன்னால் என்ன எழுத்து வரும் என்று ஒன்றாவது கேட்கிறதா?

ஒன்று விட்டுவிட்டேன், சர்நேமுக்குக் கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. தம்பி பெயரையே போடுகிறோம். பாஸ்போர்ட்டில் பிள்ளை சொக்கலிங்கம் பழனியப்பன், அப்பா பழனியப்பன் சொக்கலிங்கம். ஏர்போர்ட்டில் குழம்புவார்கள் என்று தம்பி பயப்படுகிறான். பிறந்த தேதி வேறு வேறாகத்தானே இருக்கும், பார்த்துக்கொள்ளட்டும். செட்டியார் என்றே போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சாதிப் பட்டம் வேண்டாம் என்று அப்பச்சியே சொல்லிவிட்டார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இப்போது பெயர் வெட்டிய கதை. வெள்ளிக் கிண்ணத்திலும் பாலாடையிலும் சொ.பழ.சொ. என்று வெட்டக் கொடுத்தேன். எழுத்துக்கு 15 ரூபாய். என் கணக்கில் ஒரு சாமானுக்கு நான்கு எழுத்து, 60 ரூபாய். கடைக்காரர் 120 கேட்கிறார்! எப்படி என்றால், சொ-வுக்குக் கொம்பு ஒன்று, ச ஒன்று, கால் ஒன்று, ஆக மூன்றாம். இரண்டு சொ-வுக்கு ஆறு, பழ-வுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. நான் விடுவேனா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொ ஒரே எழுத்து என்றுதான் சொல்லும் என்றேன். உளி மூன்று தடவை இறங்குகிறதே என்றார். அப்படியானால் ழ-வுக்கு எத்தனை தடவை இறங்கும், அதற்கு ஏன் ஒன்று என்று கேட்டேன். ஆள் அப்படியே நின்றுவிட்டார். கடையில் இருந்த இன்னொரு ஆச்சியும் எனக்காகப் பேசினார்கள். சாமானுக்கு 60 ரூபாய்தான் வாங்கினார், புள்ளிக்குக் காசில்லை! பாருங்கள், கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். கொம்பு எவ்வளவு அழகாகச் சுழித்திருக்கிறது! மிஷினில் வெட்டினால் இந்தச் சுழிப்பு வராது.

இன்னும் ஒன்று. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தை என்றால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயர் போடாமலே பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதனால் அவசரப்பட்டு ஸ்பெல்லிங்கைக் கோட்டை விடாதீர்கள். எங்கள் வீட்டில் எஸ் போடுவதா, சி.எச். போடுவதா என்று பெரிய பேச்சு. தம்பி பாஸ்போர்ட்டில் அப்பச்சி பெயர் எப்படி இருக்கிறதோ அதே சி.எச். தான் என்று முடித்துவிட்டோம்.

தம்பி பெண்டாட்டி எப்படிக் கூப்பிடுவாள் என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். மாமனார் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட மாட்டாள். அதற்குத்தான் வீட்டுப் பெயர். அவளே கவின் என்று வைத்திருக்கிறாள், நல்ல பெயர், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பெயர் வைக்கிற அன்றைக்கு அத்தையாக நான் காதில் மூன்று முறை சொல்லப்போவது முழுப்பெயர், விலாசத்தோடு.

உங்கள் வீட்டு விலாசம் என்ன, சர்நேமுக்கு என்ன போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்து மாட்டிக்கொண்டவர்கள் கட்டாயம் எழுதுங்கள், தம்பிக்குப் படித்துக் காட்டவேண்டும்.