ஃபைட்டர் மீன் குஞ்சுக்கு முதல் சாப்பாடு: வீட்டுலயே இன்ஃபுசோரியா கல்ச்சர்

வணக்கம் மக்களே. இந்த டப்பாவ பாருங்க, உள்ள ஃபைட்டர் மீன் குஞ்சு எப்படியும் 200 இருக்கும். கேமராவ எவ்ளோ கிட்ட கொண்டு போனாலும் ரெண்டு கண்ணும் ஒரு முடி மாதிரி வாலும்தான் தெரியுது, மொத்த நீளமே 3 மில்லிமீட்டர்தான். அப்போ வாய் எவ்ளோ இருக்கும்னு யோசிங்க.

நெறைய பேர் இங்கதான் தோத்துப் போறாங்க. முட்டை பொரிச்சிடும், மூணாவது நாள் வரைக்கும் எல்லாம் நல்லாதான் இருக்கும், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு ஒரு வாரத்துல டப்பா காலி. எனக்கும் மொத பேட்ச் அப்படித்தான் போச்சு, அவிச்ச மஞ்சக்கரு கரைச்சு ஊத்தினேன், தண்ணி கெட்டு ஒண்ணு கூட மிஞ்சல, ரொம்ப நாள் மனசு கேக்கல. ஆர்டீமியா, அதான் மீன் குஞ்சுக்கு போடுற பொடி இறால், அத போடலாமேன்னு கேப்பீங்க, அப்போ பொரிச்ச ஆர்டீமியாவே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வரும், இதுல பாதி குஞ்சுக்கு மொத நாள் அது வாய்க்குள்ள போகாது. கப்பி, மோலி மீன் வெச்சிருக்கவங்களுக்கு இந்த கவலை இல்ல, அது குட்டியே பெருசா போடும்.

இதுக்குத்தான் இன்ஃபுசோரியா. பாராமீசியம் மாதிரி ஒரு செல் உயிருங்க எல்லாத்துக்கும் சேத்து நம்ம சொல்ற பேரு. 1676ல ஹாலந்துல லீவன்ஹுக்னு ஒரு துணி வியாபாரி, மிளகு ஏன் காரமா இருக்குன்னு கண்டுபிடிக்க மிளக தண்ணில ஊறப்போட்டு சில வாரம் கழிச்சு லென்ஸ்ல பாத்தாரு, பாத்தா தண்ணி பூரா என்னென்னமோ நீந்துது! நம்ம இப்ப பண்ணப் போறதும் அதே ஊறப்போடுற வேலைதான்.

[ஜார் கிட்ட காட்டணும்]

அகலமான 5 லிட்டர் ஜார் எடுத்துக்கோங்க. பைப் தண்ணி வேணாம், நல்லா ஓடிட்டு இருக்க பழைய டேங்க் தண்ணி 3 லிட்டர், கூடவே ஸ்பாஞ்ச் ஃபில்டர லேசா பிழிஞ்ச அழுக்கு ஒரு ஸ்பூன், வெதை அதுலதான் இருக்கு. காஞ்ச வாழப்பழத் தோல் ரெண்டு விரல் அளவு போதும், அதிகமா போட்டா அழுகி நாறிடும். மேல மெல்லிசு துணி கட்டாயம் கட்டுங்க, இல்லன்னா கொசு முட்டை வெச்சிடும். நேர் வெயில் படாத வெளிச்சமான எடத்துல வைங்க.

ரெண்டாவது நாள் தண்ணி பால் மாதிரி ஆகும், வாடையும் வரும். கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க! அது பாக்டீரியா, அதத் தின்னுதான் நம்மாளுங்க பெருகணும். ஆனா அந்தத் தண்ணிய குஞ்சுக்கும் ஊத்திடாதீங்க. நாலு அஞ்சு நாள்ல வெண்மை போய் லேசா வைக்கோல் கலர்ல தெளியும், வாடையும் கொறையும், அதுதான் அடையாளம். ராத்திரி லைட்ட அணைச்சிட்டு சைடுல டார்ச் அடிங்க, வெள்ள தூசி மாதிரி தானா நகரும். மொத தடவ அத பாக்குறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, சொல்லவே முடியாது.

அதனால ஜோடி சேக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஜார் ரெடி பண்ணுங்க. முட்டை பொரிக்க ஒண்ணு ரெண்டு நாள், அப்புறம் ரெண்டு மூணு நாள் குஞ்சு வால் கீழ தொங்க, ஆண் மீன் கட்டுன நுரைக் கூட்டுலயே இருக்கும், அப்ப வயித்துல இருக்க கருவே சாப்பாடு. என்னைக்கு படுக்க வாட்டத்துல நீந்துதோ அன்னைக்கே பசி ஆரம்பிச்சிடும், அதுக்கு மேல ஜார் போட்டா லேட்டு.

பாராமீசியம் மேல்தண்ணிலதான் கூடும், அதனால சிரிஞ்ச்ல மேலாக்குல உறிஞ்சு ஒரு தடவைக்கு 10 மில்லி, தினம் மூணு வேளை. எடுத்த அளவுக்கு டேங்க் தண்ணி திரும்ப ஊத்திடுங்க. ஒரு ஜார் ரெண்டு வாரம் போல தாங்கும், அதுக்குள்ள இதுலேருந்து ஒரு டம்ளர் எடுத்து அடுத்த ஜார் போட்டுடுங்க.

அஞ்சாறு நாள் கழிச்சு ஆர்டீமியா கொஞ்சமா போட்டு பாருங்க, தின்ன குஞ்சுக்கு வயிறு ஆரஞ்சு கலர்ல உப்பித் தெரியும். எல்லாத்துக்கும் அப்படி தெரியற வரைக்கும் இன்ஃபுசோரியாவ நிறுத்தாதீங்க, சின்னதா பின்தங்கி இருக்குற குஞ்சுங்க இன்னும் அத நம்பித்தான் இருக்கும்.