தப்பிச்சிட்டான்டா!

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் வணக்கம். அட்டன் குளிரிலும் கைதட்டுகிற உங்களுக்கு இன்னொரு பெரிய வணக்கம். ஆட்டம் பார்க்கப் போகையில் வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் சுகமா, சுமையா? சுகம்தான். சரி, தலைப்பு முடிந்தது. கதைக்கு வருகிறேன்.

கொழும்பில் ஒரே மாலையில், பாலே என்கிற மேலைநாட்டு நடனத்தில் சில குறும் ஆட்டங்கள். என் அம்மாவைப் பெற்ற அம்மாயியைக் கூட்டிப் போனேன். அதில் ஒன்று 'ரோஜாவின் ஆவி'. 1911இல் மொன்டி கார்லோவில் நிஜின்ஸ்கி என்ற ரஷ்ய நடனக் கலைஞர் ஆடிப் பேர் வாங்கியது. விருந்து முடிந்து வந்த பெண் கையில் ரோஜாவோடு நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறாள். கனவில் அந்த ரோஜாவே ஆணாகி, ஜன்னல் வழியே வந்து அவளோடு ஆடுகிறது. அவ்வளவுதான் கதை.

அம்மாயியோ, ஈசன் மன்மதனை எரிக்கிற மாசி மாதக் காமன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். என் தோளைத் தட்டினார். "மன்மதன் வந்துட்டான். அந்தப் புள்ளதான் ரதி."

"இல்ல அம்மாயி, அது பூ."

"பூவுக்கு எதுக்குடா இம்புட்டுத் தொடை?"

முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரியாத மனிதர், பிழைத்தோம். அம்மாயி விடவில்லை. "ஈசன் எப்ப வருவாரு?" இரண்டு நிமிடம் போனது. "இன்னும் காணோமே, எப்ப எரிப்பாரு?" எரிக்கிற காட்சியே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? இசை ஏறுகிறது. ஆடியவர் ஒரே எகிறு, ஜன்னலுக்கு வெளியே! மண்டபமே மூச்சைப் பிடித்திருக்கிறது. அம்மாயி எழுந்து நின்றார். "எரிக்கிறதுக்குள்ள தப்பிச்சிட்டான்டா!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அவருக்கா, அம்மாயிக்கா? நடுவர் ஐயா, அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

எதிரணித் தங்கச்சி கேட்டார்: "கால் விரலில் நிற்பதைப் பார்க்கக் கொழும்புக்குப் பஸ் ஏறணுமா? நம்ம மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற அம்மாமார் தினமும் அப்படித்தானே நிற்கிறார்கள்?" நீங்கள் தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அம்மாயி கேட்டதைக் கேளுங்கள். அடுத்து வந்தது 'சாகும் அன்னம்'. ஃபோக்கின் என்ற நடன அமைப்பாளர், அன்னா பாவ்லோவா என்ற நடனக் கலைஞருக்காக அமைத்த சின்ன ஆட்டம். நுனிக்காலில் குறுகுறுவென்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சப்பாத்தின் முனை துணியும் தாளும் பசையும் அடுக்கி இறுக்கியது; வெளியேதான் பளபளப்பு, உள்ளே நகம் கறுத்துப்போகும். அம்மாயிக்கு இதெல்லாம் யார் சொன்னது? ஆனாலும் முதல் கேள்வியே, "அந்தப் புள்ளைக்குக் கால் வலிக்காதா?"

தங்கச்சி, மழையில் வழுக்குகிற சரிவில் நிரை பிடித்து, விரலை ஊன்றி நின்ற கால் அம்மாயியின் கால். தலைக்கயிற்றில் கூடை இழுக்கும், காலில் அட்டை தொங்கும். அந்தக் காலைப் பார்த்து, வலிக்கிறதா என்று கங்காணி கேட்டாரா? கொழுந்து நிறுத்தவர் கேட்டாரா? யாருமே கேட்காத கேள்வியை, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக அம்மாயி கேட்டார். கேட்டுவிட்டு, அன்னம் விழுந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்தார். அவரையா சுமை என்கிறீர்கள்?

அடுத்த ஆட்டத்துக்கு உங்கள் அம்மாயியும் வரட்டும். டிக்கெட் என் செலவு. தீர்ப்பு என் பக்கம் வந்தால் பஸ் காசும் என் செலவு. வணக்கம்!