கோபம் சரி, யார் மீது?

(மயிலாடுதுறையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கொடிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞர் மீது நமக்கு வரும் கோபம்தான் இன்றைய தலைப்பு. அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கப் போகிறீரா?" என்றார். வக்காலத்து வாங்குவதுதான் ஐயா என் பிழைப்பு. ஆனால் ஒரு வழக்கு சாட்சி விசாரணைக்கு வருமுன்பே, குற்றம் சாட்டப்பட்டவரைக் "குற்றவாளி" என்று அவர் தீர்ப்பெழுதிவிட்டார் பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கொடிய வழக்கில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞர் வாய் திறந்தால் போதும், மறுநாள் மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில் எதிரியை விட்டுவிட்டு வழக்கறிஞரைத்தான் வறுத்தெடுக்கிறோம். "காசுக்காக எதையும் பேசுவான்" என்கிறோம். இதே மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானபோது யாராவது அப்படிச் சொன்னார்களா? 1945இல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், ஆயுள் தண்டனை. சென்னையில் செய்த மேல்முறையீடும் தோற்றது. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947இல் விடுதலை. அன்று அவருக்காக வாதாடிய எத்திராஜ் தமிழ்நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆனார். கூண்டில் நிற்பவர் நமக்குப் பிடித்தவராக இருந்தால் அவருடைய வழக்கறிஞர் மேதை; பிடிக்காதவராக இருந்தால் கூலிக்கு மாரடிப்பவர்.

நீதிமன்றத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். வழக்கறிஞர் சாட்சியைப் பார்த்து, "முன்விரோதத்தால் பொய் சொல்கிறீர்கள்" என்பார். சாட்சி "இல்லை" என்பார். தட்டச்சில் ஏறுவது இப்படி: "முன்விரோதம் காரணமாக நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." குறுக்கு விசாரணையின் கடைசிப் பக்கம் முழுக்க "சரியல்ல, சரியல்ல" என்றே ஓடும். படிக்கிறவருக்குத் தூக்கம் வரும். கேள்வி கேட்டதாலேயே அது உண்மையாகிவிடாது, ஆனால் கேட்காமல் விட்டால் மேல்முறையீட்டில், "கீழ்க் கோர்ட்டில் ஏன் இதைக் கேட்கவில்லை?" என்று மடக்குவார்கள். ஆகவே அவர் கேட்டே தீர வேண்டும். செய்தியாக வெளியே வரும்போது மட்டும் "சரியல்ல" உதிர்ந்துபோய், "சாட்சி பொய்யர்: வழக்கறிஞர் ஆவேசம்" என்று ஆகிவிடுகிறது.

எதிரி குற்றம் செய்தாரா என்பதில் தன் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்பது வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் வகுத்த விதி. விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. இருந்தும் எங்கள் ஆட்களே சில ஊர்களில் கூடி, "இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது" என்று தீர்மானம் போடுகிறார்கள். கோயம்புத்தூரில் போலீஸ்காரர்களுக்கு எதிராக அப்படிப் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதம், செல்லாது என்று 2010 டிசம்பரில் நீதிபதிகள் கண்டித்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டு வழக்கு அது, நமக்கே மறந்துபோய்விட்டது.

அப்படியானால் வழக்கறிஞர் எதையும் பேசலாமா? கூடாது. 2012 டெல்லி பாலியல் வன்கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகளுக்கு வாதாடியதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர், தன் வீட்டுப் பெண் இரவில் ஆண் நண்பருடன் சுற்றினால் எரித்துவிடுவேன் என்ற பொருளில் வெளியில் பேசினார். அது எந்த எதிரிக்கு எந்த விதத்தில் உதவும்? கேமரா முன்னால் சொந்த அழுக்கை அவிழ்த்துக் கொட்டியதுதான் அது. 2015இல் ஆவணப்படம் ஒன்றிலும் அந்தத் தரப்பு வழக்கறிஞர்கள் பெண்களைப் பற்றி இழிவாகப் பேச, பார் கவுன்சில் இருவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அங்கே மக்களுக்கு வந்த கோபம் முழுக்க முழுக்க நியாயம்.

கோர்ட்டுக்கு உள்ளேயும் வரம்பு உண்டு. பாலியல் வழக்கில் பெண்ணின் நடத்தையை இழுத்து அவள் சாட்சியத்தைக் கெடுக்க வழிவிட்ட பிரிவு, சாட்சியச் சட்டத்திலிருந்து 2003இல் நீக்கப்பட்டது. போக்சோ வழக்கில் எதிரித் தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கவே முடியாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும், அவர்தான் கேட்பார். வரம்பு மீறிய கேள்வியைத் தடுக்க வேண்டியவர் மேடையில் அமர்ந்திருக்கும் நீதிபதி. தடுக்காவிட்டால் அவரையும்தானே கேட்க வேண்டும்?

நம் மண்ணிலிருந்தே சொல்கிறேன். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் அந்த வழக்கில் முதல் எதிரியான மிராசுதாரருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ளவர்கள், அதில் கார் வைத்திருக்கும் ஒருவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து தீர்ப்பிலேயே இருக்கிறது! ஒரு வழக்கறிஞர் இதை வாதமாகச் சொல்லியிருந்தால், சரி, அவர் வேலை என்று விட்டுவிடலாம். தீர்ப்பில் எழுதியதை எப்படி விடுவது? அந்த வழக்கில் எதிரிகளுக்கு யார் ஆஜரானார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஊர்ப்பக்கம் இன்னும் ஆறாமல் இருப்பது அந்தத் தீர்ப்பு வாசகம்தான்.

வழக்கறிஞர் எல்லை மீறினால், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கை கோரி மாநில பார் கவுன்சிலுக்கு நீங்களே புகார் எழுதலாம். நம் பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் போய்க் கல்லெறிவதை விட அதற்குச் செலவு குறைவு.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இனி நீங்கள் கேளுங்கள். குறுக்கு விசாரணைக்கு நான் தயார்.