இன்னும் ஒரு சுற்று

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

கணினி விளையாட்டுகளுக்கு ஆயுள் குறைவு. இந்தப் பொங்கலுக்கு எல்லோர் வாயிலும் இருந்த விளையாட்டின் பெயர் அடுத்த பொங்கலுக்குள் மறந்துபோய்விடும். அவற்றை ஓட்டிய கணினிகளே பழைய இரும்புக்குப் போன பிறகு அந்த விளையாட்டுகள் மட்டும் எங்கே நிற்கும்? ஆனால் 1991ஆம் ஆண்டு, சில ஃப்ளாப்பி வட்டுகளில் அடங்கி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹண்ட் வேலி என்ற ஊரிலிருந்த மைக்ரோபுரோஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஒரு விளையாட்டை உலகின் பல மூலைகளில் இன்றும் ஆடுகிறார்கள். அதன் பெயர் ‘சிவிலைசேஷன்’, அதாவது நாகரிகம். அதை உருவாக்கியவர்கள் சிட் மெயரும் அவருடன் பணியாற்றிய புரூஸ் ஷெல்லியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஏன் தன்னை ஆடியவர்களை விடுவதில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இதை ஆடியிராத நேயர்களுக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் கி.மு. 4000இல் தொடங்குகிறது. திரை முழுவதும் கறுப்பாக இருக்கும். நடுவில் சில கட்டங்கள் மட்டும் வெளிச்சத்தில் தெரியும். அதன்மேல் ஊர் அமைக்க இடம் தேடி வந்த ஒரு குடியேறிக் கூட்டம் நிற்கும். அந்த இடத்திலேயே ஊரை அமைக்கலாம். பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டம் நடக்கவும் செய்யலாம், ஆனால் அந்த ஒரு கட்டத்துக்கு 20 ஆண்டுகள் கழிந்துவிடும். ஊர் அமைந்ததும் சுற்றியுள்ள நிலத்தில் மக்கள் உழைக்கத் தொடங்குவார்கள். வயல் சோறு போடும், காடும் மலையும் கட்டுமானத்துக்கு உதவும், சாலையும் ஆறும் வணிகத்தைத் தரும். வணிகத்திலிருந்து அறிவு வளரும். எழுத்தும் மட்பாண்டமும் வெண்கலமும் தெரிந்த சமூகம், சுற்றுச் சுற்றாக முன்னேறி, முடிவில் விண்கலம் கட்டி ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்கு மனிதர்களை அனுப்பினால் வெற்றி. எதிரிகள் அனைவரையும் அழித்தாலும் வெற்றிதான்.

இங்கே எதிராளியும் நாமும் மாறி மாறி ஆடுகிறோம். தாயத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் நம் முறை முடியும்வரை மற்றவர் காத்திருப்பதைப்போல, இந்த விளையாட்டில் கணினி காத்திருக்கிறது. நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் ஏதென்ஸின் படை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. இதுவே இந்த விளையாட்டின் முதல் பெருமை என்பது என் எண்ணம். விரல்களின் வேகத்தை அது சோதிப்பதில்லை. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயது முதியவரும் ஒரே களத்தில் ஒரே தகுதியோடு அமரலாம்.

இந்த அமைப்பு தொடக்கத்திலேயே தீர்மானமானதன்று. சிட் மெயர் முதலில் எழுதிப் பார்த்த வடிவத்தில் காலம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1989இல் வந்த ‘சிம்சிட்டி’ என்ற நகரம் கட்டும் விளையாட்டு அவரைக் கவர்ந்திருந்த நேரம் அது. மெயரின் அந்த முதல் வடிவத்தில், ஊர்கள் எங்கே வளர வேண்டும் என்று குறித்துவிட்டு, அவை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆடுபவருக்குச் செய்ய வேலையில்லை, வேடிக்கை பார்ப்பதே மிச்சம் என்று கண்ட மெயர், அதைக் கிடப்பில் போட்டுவிட்டு வேறொரு விளையாட்டை முடிக்கப் போனார். திரும்பி வந்தபோதுதான் காலத்தை நிறுத்தி, அதைச் சுற்றுகளாகப் பிரித்தார். பலகை விளையாட்டுகளை வெளியிடும் ஆவலான் ஹில் நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர் ஷெல்லி. மெயர் எழுதித் தந்ததை ஆடிப் பார்த்து, எது சலிப்பூட்டுகிறது, எது சுவைக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மெயர் திருத்துவார். ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்று தோன்றியபோது உலக வரைபடத்தின் அளவையே மெயர் பாதியாகக் குறைத்தார். ஆட்டத்தில் நாம் காணும், 80 கட்ட அகலமும் 50 கட்ட உயரமும் கொண்ட உலகம் அப்படிச் சுருங்கி வந்ததுதான். பெரிய குழுக்களின் பெரிய கூட்டங்களில் இத்தகைய முடிவை எடுக்க எத்தனை மாதங்கள் பிடித்திருக்குமோ தெரியவில்லை.

நான் இதை முதலில் ஆடியது 1990களின் நடுவில், கல்லூரி விடுதியில், ஒரு நண்பரின் அறையிலிருந்த கணினியில். இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்தேன். எழுந்தபோது வெளியே பால்காரரின் மணி கேட்டது. அந்த இரவில் என்ன நடந்தது என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். இதன் கவர்ச்சிக்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது என்று நம்புவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் ரோமானியர்களின் தலைவன். ரோம் நகரில் கோவில் கட்டி முடிய இன்னும் இரண்டு சுற்றுகள். குதிரையேற்றம் கற்றுக்கொள்ள ஐந்து சுற்றுகள். வடக்கே அனுப்பிய குடியேறிகள் ஆற்றங்கரையை அடைய மூன்று சுற்றுகள். சரி, கோவில் முடியட்டும், படுத்துவிடலாம் என்று இரண்டு சுற்றுகள் ஆடினேன். கோவில் முடிந்தது. ஆனால் இப்போது ஆற்றங்கரைக்கு ஒரே ஒரு சுற்றுதானே மிச்சம்! அதையும் ஆடினேன். புதிய ஊர் எழுந்ததும் அதன் பக்கத்தில் இதுவரை கறுப்பாக இருந்த கட்டங்கள் வெளிச்சமாகி, அங்கே கிரேக்கரின் ஈட்டிப்படை ஒன்று நிற்பது தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு யாரால் தூங்க முடியும்? அதற்குள் குதிரையேற்றத்துக்கு இரண்டு சுற்றுகள்தான் பாக்கி. ஓர் அடுப்பில் உலை கொதித்து முடிவதற்குள் அடுத்த அடுப்பில் குழம்பு பதத்துக்கு வந்துகொண்டிருக்கிற சமையலறையில் நிற்பவர் எப்படி அடுப்படியை விட்டு நகர முடியாதோ, அப்படித்தான் இதுவும். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் முடிந்து கை ஓய்கிற ஒரு கணம் இந்த ஆட்டத்தில் வருவதே இல்லை. ‘இன்னும் ஒரு சுற்று’ என்பது உலகம் முழுவதும் இதை ஆடுகிறவர்களிடையே வழக்குச் சொல்லாகிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

வெற்றி தோல்வியைவிட இந்த எதிர்பார்ப்பின் பின்னல்தான் மனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆட்டத்தின் ஓவியங்கள் இன்று பார்த்தால் எளிமையானவை, இசையும் மிகச் சொற்பம். ஆனால் விதைத்தது முளைக்கும் என்ற நம்பிக்கையும், முளைக்கும் நாள் தெரிந்திருப்பதும், அந்த நாளுக்குள் வேறொன்றை விதைத்துவிடுவதுமான சுழற்சிக்கு வயதாவதில்லை.

பின்னல் மட்டும் போதுமா என்றால், போதாது. நாம் எடுக்கும் முடிவுகளுக்கு எடை இருக்க வேண்டும், அந்த எடையை நாமே போட்டுப் பார்க்கவும் முடிய வேண்டும். குடியேறிகளை எடுத்துக்கொள்வோம். புதிய ஊர் அமைக்க அவர்கள் வேண்டும். ஆனால் அவர்களை உருவாக்கும் ஊரில் ஒரு மக்கள்தொகை குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புதிய ஊருக்கும் ஒரு தாய் ஊர் தன்னில் ஒரு பங்கை இழக்கிறது. அந்த இழப்பு எப்போது தகும் என்பதைக் கணினி நமக்குச் சொல்லித் தருவதில்லை. உலக அதிசயங்களும் அப்படியே. மொத்தம் 21 அதிசயங்கள், ஒவ்வொன்றும் உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே. பிரமிடுகளை நாம் பாதி எழுப்பியிருக்கும்போது எகிப்தியர் முடித்துவிட்டதாகச் செய்தி வந்தால் வயிறு பற்றி எரியும்.

போர்க் கணக்கும் மறைவில்லாதது. தேர்ப்படையின் தாக்கும் வலிமை 4, ஈட்டிப்படையின் தற்காப்பு வலிமை 2. வெட்டவெளியில் மோதினால் தேர்ப்படை வெல்ல ஆறில் நான்கு வாய்ப்பு. அதே ஈட்டிப்படை குன்றின்மேல் ஏறி நின்றால் அந்த இரண்டு நான்காகும். அங்கேயே அரண் அமைத்துக் காத்திருந்தால் ஆறாகும். இப்போது தேர்ப்படைக்குப் பத்தில் நான்கு வாய்ப்புதான். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இதனால் விபரீதங்களும் நேர்ந்தன. தாக்கும் வலிமை 18 உள்ள போர்க்கப்பல் அந்தக் குன்றின்மேல் நிற்கும் ஈட்டிக்காரர்களோடு மோதினால், அடிப்படைக் கணக்குப்படி நான்கில் ஒரு முறை கப்பலே மூழ்கும். பலரும் இதைக் குறையாகச் சொன்னதால், 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒரே மோதலில் முடிவு தெரிந்துவிடாமல் இரு படைகளும் சிறிது சிறிதாகத் தேய்ந்து முடிவு வரும்படி மாற்றினார்கள். மாற்றியது சரிதான் என்றாலும், பழைய கணக்கின் எளிமையை நான் இன்னும் விரும்புகிறேன். தோற்றபோது எதனால் தோற்றோம் என்பது அதில் உடனே விளங்கிவிடும்.

நாகரிகங்கள் எழுவதைப்போல வீழவும் வேண்டும் என்று மெயரும் தொடக்கத்தில் எண்ணியிருந்தார். ஆனால் வீழ்ச்சி வந்த கணத்தில் ஆடுபவர்கள் முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடுவார்களே தவிர, வீழ்ச்சியோடு வாழ மாட்டார்கள் என்று கண்டு அதைக் கைவிட்டார். 2025இல் வந்த ஏழாம் பதிப்பு வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யுகம் முடியும்போதும் ஆடுபவரை வேறொரு நாகரிகத்துக்கு மாறச் செய்தது. அதன் நடு யுகத்தில், கடல் கடந்து நாடு தேடும் காலத்தில், சோழர்களும் ஒரு நாகரிகமாக இடம்பெற்றிருக்கிறார்கள். கடாரம்வரை கப்பல் செலுத்தியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதைத் திரையில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அந்தப் பதிப்பு வந்தவுடன் நெடுநாள் ஆட்டக்காரர்கள் பலர் எழுப்பிய முறையீடு, யுகம் மாறும்போது தாங்கள் கட்டிவந்த தொடர்ச்சி அறுந்துபோகிறது என்பதுதான். எந்த நூலால் 1991இல் எங்களை அது கட்டியதோ அந்த நூலை அறுத்தால் வலிக்கத்தானே செய்யும்.

இந்தியத் தொடர்பு என்று வரும்போது இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். முதல் பதிப்பில் இந்தியர்களின் தலைவராக வருபவர் மகாத்மா காந்தி. அவருடைய போர்க்குணம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்ததாகவும், மக்களாட்சிக்கு மாறியதும் அது சுழியத்துக்கும் கீழே போய், கணினியின் எண் பிழையால் 255ஆகத் தாவி, காந்தி அணுகுண்டு வீசத் தொடங்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மெயர் 2020இல் வெளிவந்த தம் நினைவுநூலில் மறுத்திருக்கிறார். அணு ஆயுதம் கையில் வந்த எந்தத் தலைவரும் அந்த ஆட்டத்தில் ஒரே மாதிரிதான் மிரட்டுவார். காந்தி மிரட்டியது மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பின்னர் 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் காந்தியின் அணு ஆயுத நாட்டத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்தார்கள். இல்லாத பிழை ஒன்று இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததற்குக் காரணம், இந்த ஆட்டம் தன்னை ஆடியவர் ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு ஒரு கதையை விட்டுச் செல்கிறது என்பதுதான்.

அதை நேசிக்கிறவன் என்பதாலேயே அதன் குறையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதன் உலகத்தில் ஊர் கட்டாதவர்களுக்கு இடமில்லை. கறுப்பு விலகும்போது ஆங்காங்கே சிறு குடிசைகள் தென்படும். நம் படை அங்கே நுழைந்தால் பொன் கிடைக்கலாம், ஒரு புதிய அறிவு கிடைக்கலாம், கொள்ளைக் கூட்டமும் கிளம்பலாம். எது கிடைத்தாலும் அந்தக் குடிசை மறைந்துவிடும். அங்கே இருந்தவர்கள் யார் என்று ஆட்டம் கேட்பதில்லை. அறிவின் வளர்ச்சியும் எல்லாச் சமூகங்களுக்கும் ஒரே கிளைப்பாதையில்தான் போகிறது. இளம் வயதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது குடிசை மறையும் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. அதே வேளையில், தொழிற்சாலைகள் பெருகப் பெருக நிலம் மாசடைவதையும், உலகம் சூடேறிக் கரையோர நிலங்கள் பாழாவதையும் 1991லேயே அது விளையாட்டின் விதியாக வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை ஆடிப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு செய்தி. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், இதே வகையான விளையாட்டை, பலர் வலைப்பின்னல் வழியாகச் சேர்ந்து ஆடும்படி, தாங்களே எழுதி 1996இல் இலவசமாக வெளியிட்டார்கள். ‘ஃப்ரீசிவ்’ என்பது அதன் பெயர். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், அந்த மாணவர்களுக்குப் பிறகும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். பழைய கணினியும் அதற்குப் போதும்.

என் மகள் சென்ற விடுமுறையில் முதன்முறையாகப் பழைய ‘சிவிலைசேஷனை’ ஆட உட்கார்ந்தாள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. குடியேறிகளை நிறுத்திய இடத்தில் ஊர் அமைக்காமல், கிழக்கே தெரிந்த ஓர் ஆற்றை நோக்கி இரண்டு கட்டங்கள் நடத்திச் சென்றாள். நாற்பது ஆண்டுகள் போய்விட்டனவே என்றேன். “இருக்கட்டும்பா, ஆத்தங்கரைல ஊரு இருந்தாத்தான் நல்லா இருக்கும்” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட அழைத்தபோது, மட்பாண்டம் கற்றுக்கொள்ள இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

நன்றி. வணக்கம்.