நன்றாக இருக்கும் சாலைக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

[காட்சி: சென்னையில் ஒரு பழைய வீட்டு வாசல். தெருவில் பாதி புதைந்த படி.]

இந்த வாசலைப் பாருங்கள். கட்டியபோது மூன்று படி ஏறித்தான் உள்ளே போவார்கள். இப்போது ஒன்றுதான் மிச்சம். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. ஒரு முறை தார் போட்டால் சுமார் 40 மில்லிமீட்டர் கனம். பழையதைச் சுரண்டாமல் நான்கு முறை போட்டால் அரை அடி தாண்டிவிடும். மழைத் தண்ணீர் அப்புறம் எந்தப் பக்கம் போகும் என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ‘மில்லிங்’ என்ற சொல் டீக்கடை வரை வந்தது அதற்குப் பிறகுதான். சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைக்கும் கதையை டூவீலர்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சாலை எப்படிக் கெடுகிறது?

[காட்சி: முடி அளவு விரிசல், மிக நெருக்கத்தில்.]

இங்கேதான் தொடங்குகிறது. வெயிலில் தார் காய்ந்து இறுகி, முடி போல ஒரு விரிசல். அதன் வழியே தண்ணீர் இறங்கி, ஜல்லியைப் பிடித்திருக்கும் தாரைப் பிரிக்கிறது. அடியில் மண் ஊறுகிறது. மேலே தண்ணீர் லாரி ஏறியதும் அந்த இடம் அமுங்கும். அடுத்த மழையில் ஜல்லி பெயர்ந்து, பள்ளம்.

[காட்சி: மெதுவாகச் சரிந்து, திடீரென்று செங்குத்தாக விழும் கோடு.]

சாலைப் பொறியாளர்கள் அடிக்கடி காட்டும் கோடு இது. ஆயுளின் முதல் முக்கால் பங்கில் தரம் 40 விழுக்காடு குறையும். அடுத்த எட்டில் ஒரு பங்கிலேயே இன்னொரு 40 போய்விடும். 20 வருடச் சாலை என்றால், 15 வருடம் ‘நல்லாத்தானே இருக்கு’ என்போம். அப்புறம் இரண்டரை வருடத்தில் படுத்துவிடும். விழுவதற்கு முன் 1 ரூபாயில் முடிகிற வேலை, விழுந்த பிறகு 6 முதல் 10 ரூபாய் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு.

அப்படியென்றால் குண்டும் குழியுமான தெருவைக் காக்கவைத்து, நன்றாக இருக்கும் தெருவுக்கு முதலில் செலவு செய்ய வேண்டும். எந்தக் கவுன்சிலர் இதை வார்டில் போய்ச் சொல்வார்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகரம் இந்த வழியில் போனது. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண் உண்டு. 2011-இல் சராசரி 64. அந்த ஆண்டு, வாக்கெடுப்பு நடத்தி 24.8 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் சம்மதம் வாங்கினார்கள். இன்னொரு விதியும் உண்டு: புதிதாகப் போட்ட தெருவை, அவசரம் தவிர, ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் தோண்டக் கூடாது. மதிப்பெண் 70-ஐத் தாண்டியது. ஆனால் கடன் ஒருநாள் தீரும், தேய்மானம் தீராது. 2017-இல் கலிபோர்னியா மாநிலம் பெட்ரோல் வரியை கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 12 சென்ட் கூட்டி, அதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நகரத் தெருக்களுக்குத் தர ஏற்பாடு செய்தது. எனக்கு அந்தப் பெரிய கடனைவிட இந்தச் சில்லறைதான் முக்கியமாகப் படுகிறது.

சென்னைக்கு வருவோம். மாநகராட்சியிடம் பேருந்து போகும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர். உட்புறத் தெருக்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல். பணமோ பெரும்பாலும் ‘சிங்காரச் சென்னை 2.0’ போல ஏதாவது ஒரு திட்டத்தின் பெயரில் வருகிறது. திட்டம் என்றால் புதுச் சாலை. விரிசலில் தார் ஊற்றியதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது, பாருங்கள்.

பராமரிப்புக்குச் சொந்த வருமானம் வேண்டும், அதாவது சொத்து வரி. சென்னையில் அது 1998-இல் உயர்ந்தது. 2018-இல் உயர்த்தினார்கள், மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022-இல் ஒரே அடியாக 25 முதல் 150 விழுக்காடு வரை ஏற்றினார்கள். இடைப்பட்ட 24 ஆண்டுகளும் தார் விலை காத்துக்கொண்டா இருந்தது? ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றி, அதில் ஒரு பங்கைத் தெருப் பராமரிப்புக்கென்றே பூட்டிவைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

[காட்சி: புதுத் தார்ச்சாலையின் குறுக்கே மண் மூடிய நீளமான வெட்டு.]

அப்புறம் இது. குடிநீர்க் குழாய், மின்கம்பி, இணையக் கேபிள் என்று ஆளுக்கொரு வெட்டு. வெட்டுகிறவர் மாநகராட்சிக்குக் கட்டணம் கட்டுகிறார். ஆனால் மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிக்காமல் ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால், மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் முதல் மழையில் இறங்கும். வெட்டு வேண்டியவர்கள் எல்லாரும் சாலை போடுவதற்கு முன்பே ஒரே அட்டவணையில் வந்துவிட வேண்டும். இதற்குப் பெரிய பணம்கூட வேண்டாம்.

[காட்சி: மறுபடி அந்த வீட்டு வாசல்.]

உங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போனால், பள்ளத்தை எப்போது அடைப்பீர்கள் என்று கேட்பீர்கள். ‘டெண்டர் விட்டாச்சு’ என்று பதில் வரும். உட்காருவதற்கு முன் இன்னொன்றும் கேளுங்கள்: நன்றாக இருக்கும் தெருக்களுக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?