பழைய லெப்டொப், புதிய ஹார்ட் டிஸ்க்: எந்தக் கார்டை வாங்குவது?

வணக்கம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ செகண்ட் ஹேண்டாக ஒரு திங்க்பேட் டி420 வாங்கியிருக்கிறீர்கள். எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் கல்யாண வீடியோ 100 ஜிபியை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றப் போனால் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. காரணம், அதில் இருப்பது யூஎஸ்பி 2.0. நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிய விஷயம். சாதாரண ஹார்ட் டிஸ்க் 100 எம்பி வரை எழுதும். அந்த வேகத்தில் இதே வேலை 17 நிமிடம்தான். அதற்கு வழி, லெப்டொப்பின் பக்கவாட்டில் உள்ள எக்ஸ்பிரஸ்கார்ட் என்ற துவாரத்தில், வேகமான போர்ட் தரும் ஒரு கார்டைச் செருகுவது.

[காட்சி: லெப்டொப்பின் பக்கவாட்டு, பிளாஸ்டிக் டம்மி கார்ட் வெளியே வருகிறது]

பக்கவாட்டில் இப்படி ஒரு துவாரம் இருக்கிறதா? டம்மியை எடுத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஊசி ஊசியாக இரண்டு வரிசை தெரிந்தால் அது பழைய பிசி கார்ட் துவாரம். இந்த வீடியோ அதற்கு உதவாது. எக்ஸ்பிரஸ்கார்ட் என்றால் 34 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம் உண்டு. 34 அகலக் கார்ட் இரண்டு துவாரத்திலும் போகும், 54 அகலக் கார்ட் சின்னத் துவாரத்தில் போகாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு 34 வாங்குங்கள். ஸ்மார்ட் கார்ட் (சிப் வைத்த அட்டை) துவாரத்தை இதுவென்று நினைத்துத் திணித்துவிடாதீர்கள். அது இதைவிட மெல்லியது.

சரி, கார்டில் இருக்க வேண்டியது இசாட்டா (வெளி டிஸ்க்கை இணைக்கும் இன்னொரு வகைப் போர்ட்) போர்ட்டா, யூஎஸ்பி 3.0வா? இசாட்டா வேகத்தில் குறையே இல்லை. ஆனால் அந்த வயரில் கரண்ட் வராது. டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் சுவரில் இருக்க வேண்டும். நம்ம பக்கம் மழையும் காற்றும் வந்தால் முதலில் போவது கரண்ட்தானே. லெப்டொப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் எழுதுகிற நடுவில் நின்றுவிடும். ஃபைல் கெடுவது அப்போதுதான். அதனால் மலையகத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு யூஎஸ்பி 3.0 கார்டுக்கும், அடாப்டர் தேவைப்படாத சின்ன 2.5 அங்குல டிஸ்க்குக்கும்தான்.

[காட்சி: கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன வட்டத் துளை, நெருக்கமாக]

இந்தத் துளையைக் கவனியுங்கள், கார்ட் தேர்வே இதில்தான் இருக்கிறது. துவாரத்தில் 5 வோல்ட் கிடையாது. முக்கியமாக வருவது 3.3 வோல்ட்தான், அதுவும் சராசரியாக 1 ஆம்பியர், அதாவது 3.3 வாட். யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று தர வேண்டியதோ 4.5 வாட். பற்றாக்குறை விழுந்தால் டிஸ்க் சுழலப் பார்த்து, 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு அடங்கிப்போகும். அதை ஈடுகட்டத்தான் இந்தத் துளை. லெப்டொப்பின் சாதாரண யூஎஸ்பி போர்ட்டிலிருந்து கரண்ட் எடுத்து இதில் செருக, கார்டுடன் ஒரு வயர் வர வேண்டும். வயருக்குப் பதில் சுவர் அடாப்டர் தந்தால் மீண்டும் பழைய கதைதான்.

பெட்டியில் 5 கிகாபிட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய துவாரங்களில் பாதையே 2.5 கிகாபிட்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம், எஸ்எஸ்டிக்குக் கொஞ்சம் இறுக்கம். இன்னொன்று, சில மலிவுக் கார்டுகள் துவாரத்துக்குள் இருக்கும் யூஎஸ்பி 2.0 லைனையே பிரித்துத் தருபவை. கார்டைப் போட்டதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஒரு ஹோஸ்ட் கன்ட்ரோலர் (யூஎஸ்பியைத் தானே இயக்கும் சிப்) வந்தால் சரி, வெறும் ஹப் (இருக்கும் லைனைப் பிரிப்பது) வந்தால் வேண்டாம். விண்டோஸ் 7 என்றால் டிரைவர் தனியாகப் போட வேண்டும். 8லிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது லெப்டொப்பையும் உங்கள் டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள். "அண்ணே, சார்ஜரைக் கழற்றிட்டு ஒரு தடவை காப்பி பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரிய ஃபைலாக ஒரு 10 ஜிபி நடுவில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் காசைக் கொடுக்கலாம்.